அழித்து எழுதும் டிஸ்க்கில் கணக்கு பேக்கப்: எதை வாங்கலாம், எதை விடலாம்

வாராவாரம் மாறிக்கொண்டே இருக்கும் கோப்புகளைக் கணினியிலிருந்து தனியே எடுத்து வைக்க, அழித்து அழித்து எழுதக்கூடிய டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ (DVD+RW) இன்றைக்கும் நம்பி வாங்கக்கூடிய பொருள். பத்து வருடம் கழித்துத் தேட வேண்டிய கோப்பை அதே டிஸ்க்கில் வைப்பது சரியில்லை. இந்த இரண்டு வேலையையும் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் ‘டிஸ்க் எல்லாம் வேஸ்ட்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை, அரிசி மண்டி என்று சிறு வியாபாரிகளின் டாலி மென்பொருள் கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டனும் எங்கள் மேசையில்தான் ஓடுகின்றன. ஒரு கடையின் ஒரு வருடக் கணக்கு, பில் ஸ்கேன்களைச் சேர்த்தாலும் ஒன்றரை ஜிபியைத் தாண்டுவது அபூர்வம். கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கும் டெராபைட் கணக்கில் கோப்பு வைத்திருப்பவர்களுக்கும் நான் எழுதுவது உதவாது. கோப்பு சிறியது, ஆனால் போனால் திரும்ப வராது என்று இருப்பவர்களுக்குத்தான் இது.

பென் டிரைவ் இருக்கிறதே, கூகுள் டிரைவ் இருக்கிறதே, இது எதற்கு என்று புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அவர்களுக்கு மருந்துக் கடையில் நடந்ததைச் சொல்வேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்காரர் போன் செய்தார். “ஏம்மா, டாலி திறக்க மாட்டேங்குது. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் என்னமோ கிறுக்கின மாதிரி எழுத்தா இருக்கு.” “அண்ணே, நெட் ஒயரைப் பிடுங்கிடுங்க, வேற எதையும் தொடாதீங்க, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பணம் கேட்டு மிரட்டும் வைரஸ். டாலியின் டேட்டா கோப்புறை மொத்தமும் பூட்டப்பட்டிருந்தது. பேக்கப்புக்கென்றே வாங்கிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நாள் முழுக்கச் செருகியே கிடந்ததால் அதுவும் போயிருந்தது. தானாக ஏறும் கிளவுட் கோப்புறையிலும் பூட்டிய கோப்புகளே போய் உட்கார்ந்திருந்தன. எங்கள் அலுவலக அலமாரியில் சனிக்கிழமை எழுதிய டிவிடி இருந்தது. வேறொரு கணினியில் அதை ரீஸ்டோர் செய்து, திங்கட்கிழமை பில்களை மட்டும் நகல்களைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். மாலைக்குள் கடை வழக்கம்போல் பில் போட ஆரம்பித்துவிட்டது.

2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியதிலிருந்து இந்த வகை வைரஸ் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டிரேயிலிருந்து எடுத்து உறையில் போட்டுவிட்ட டிஸ்க்கை அது தொட முடியாது. பென் டிரைவையும் கழற்றி வைக்கலாமே என்றால், வைக்கலாம்தான். ஆனால் நடைமுறையில் பென் டிரைவைச் செருகிவிட்டு மறப்பார்கள், அதிலேயே பிரிண்ட் எடுக்கப் போவார்கள், பையன் பாட்டு ஏற்றிக்கொள்வான். பெயர் எழுதி உறையில் போட்ட டிஸ்க்கை யாரும் வேறு வேலைக்கு எடுப்பதில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே இதை நான் விரும்புகிறேன்.

இனி டிஸ்க்கைப் பார்ப்போம். ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடியில் இருப்பது சாயம். லேசர் அதைச் சுட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. அழித்து எழுதும் டிஸ்க்கில் சாயம் கிடையாது. வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த மெல்லிய உலோகக் கலவை ஒன்று உள்ளே படிந்திருக்கும். சர்க்கரைப் பாகை மெல்ல ஆற விட்டால் கற்கண்டாகப் படிகம் கட்டும், சட்டென்று குளிர்த்தால் கண்ணாடி மாதிரி உறையும் அல்லவா, அதே கதைதான் இங்கும். லேசர் ஒரு புள்ளியைச் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கி உருக்கிச் சட்டென்று விட்டால், அந்த இடம் ஒழுங்கற்று உறைந்து ஒளியைக் குறைவாகத் திருப்பும். சுமார் 200 டிகிரி அளவில் சூடேற்றினால் மறுபடி படிகமாகி ஒளியை நன்றாகத் திருப்பும். அந்த வித்தியாசம்தான் நம் கணக்கு. எழுதி முடித்த டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எதுவரை எழுதியிருக்கிறது என்று வளையத்தின் நிற மாற்றமே காட்டிவிடும். எழுதுவது எப்போதும் உள்ளிருந்து வெளியே போகும். இது பின்னால் உதவும்.

ஒளியைத் திருப்பும் திறன் அச்சடித்த டிஸ்க்கைவிட இதில் குறைவு. பழைய சிடி பிளேயர்கள் சிடி ஆர்டபிள்யூவைப் படிக்க மறுத்தது இதனால்தான். சிடி ஆர்டபிள்யூவை இப்போது யாருக்கும் நான் சொல்வதில்லை. 700 எம்பிதான் கொள்ளும், டேட்டா அடுக்கு லேபிள் பக்கத்துக்கு ஒட்டியே இருப்பதால் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினாலே கெட்டுவிடும். டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் நான் மார்க்கர் பேனாவால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் மட்டும் எழுதுகிறேன். காகித ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சுற்றும்போது டிஸ்க் ஆடும்.

கணினிப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போய் ரீரைட்டபிள் டிவிடி கேட்டால், கடைப் பையன் முதலில் கேட்பது “பிளஸ்ஸா மைனஸா மேடம்?” என்பதுதான். பிளஸ் என்று சொல்லுங்கள். இரண்டிலும் 4.7 ஜிபி, கணினி காட்டுவது 4.38. இரண்டையும் ஆயிரம் தடவை அழித்து எழுதலாம் என்றே போட்டிருப்பார்கள். வித்தியாசம் வேலையில் தெரியும். மைனஸை வழக்கமான முறையில் எழுதினால், ஒவ்வொரு தடவையும் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும். சீக்கிரம் அழிக்கும் வழி ஒன்றிரண்டு நிமிடத்தில் முடியும், முழுசாக அழிக்கச் சொன்னால் ஒரு டிஸ்க் எழுதும் நேரமே ஆகும். பிளஸ்ஸில் அந்தத் தனி வேலையே இல்லை. முதல் தடவை ஃபார்மட் ஆன பிறகு, பழையதின் மேலேயே புதியது ஏறிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் வரிசையாகப் பல கடைகளின் டிஸ்க்கை எழுதும்போது இந்த வித்தியாசம் பெரிது. நாலு மடங்கு வேகத்தில் முழு டிஸ்க் எழுதக் கால் மணி நேரம், திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னொரு பத்து நிமிடம். ஒன்று ஓடும்போது அடுத்த கடையின் பேக்கப்பை எங்கள் அலுவலகப் பெண் எடுத்து வைத்துவிடுவாள்.

டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல வேண்டுமா, சிடி டிவிடி பிளேயருக்கு ஏற்றபடி வேண்டுமா என்று. முதலாவது வசதியாகத் தெரியும், இழுத்துப் போட்டால் போதும். பேக்கப்புக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, ஒழுங்காக எஜெக்ட் ஆகாமல் ஒயரைப் பிடுங்கினாலோ, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே குலைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. அந்த முறையில் டிஸ்க் இன்னொரு சாதாரண டிரைவ் ஆகிவிடுகிறது. டிரேயில் இருக்கும் நேரத்தில் மருந்துக் கடைக்கு வந்த மாதிரி வைரஸ் வந்தால் அதன் மேலேயும் கை வைக்கும். டிஸ்க்கின் பெரிய பலமே அதோடு போய்விட்டது.

எங்கள் அலுவலகத்தில் டிஸ்க் எழுத இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். இலவசம். கடைசிப் பதிப்பு 2.5.8.0 வந்தது 2013-ல், அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை. விண்டோஸ் 11-லும் சிக்கலில்லாமல் ஓடுகிறது. எனக்கு அதில் முக்கியம் ‘வெரிஃபை’ என்ற ஒரே ஒரு டிக். எழுதி முடித்ததும் டிரேயை வெளியே தள்ளும், கையால் மறுபடி உள்ளே தள்ளிவிட்டால், எழுதியதை முழுக்கப் படித்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இதைச் செய்யாமல் டிஸ்க்கை உறையில் போடுவது, பெறாத ரசீதை ஃபைல் செய்வதாகும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கே3பி-யிலும் இதே வசதி இருக்கிறது.

டிஸ்க்கில் கோப்புகளையும் பெயர்களையும் பதிந்து வைக்கும் விதத்துக்குக் கோப்பு முறை என்று பெயர், அதில் யூடிஎஃப் (UDF) தேர்வு செய்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் ஸ்கேன் கோப்புகளுக்குத் தமிழில் நீளநீளமாகப் பெயர் வைப்பார்கள், ‘சித்திரை மாத வாடகை ரசீது மாடிக் கடை பழைய பாக்கி’ என்கிற மாதிரி. பழைய ஜோலியட் முறையில் பெயருக்கு 64 எழுத்துதான் எல்லை, அதில் நம் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். தமிழ்ப் பெயர் சீக்கிரமே முட்டிக்கொள்ளும்.

பேக்கப்பை 7-ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் கடவுச்சொல் போட்டு ஒரே கோப்பாக்கி எழுதுகிறோம். பான் எண், வங்கி விவரம் எல்லாம் உள்ளே இருக்கிறது, டிஸ்க் எங்காவது கீழே விழுந்தால் யாரும் திறந்து பார்க்கக் கூடாது. ஆனால் ஒரே பெரிய கோப்பில் ஓர் ஆபத்து உண்டு. நடுவில் ஓரிடம் படிக்காமல் போனால் முழுக் கோப்பும் முரண்டு பிடிக்கலாம். அதனால் கோப்பு ஒன்றரை ஜிபி என்றால் அதையே இரண்டு முறை, இரண்டு கோப்புறையில் எழுதிவிடுவோம். முதல் பிரதி உள் வளையத்திலும் அடுத்தது அதற்கு வெளியேயும் விழும். கை படுவதும் கீறல் விழுவதும் பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான். ஒரு கீறல் இரண்டு பிரதியையும் ஒன்றாகக் கெடுப்பது அவ்வளவு எளிதில்லை. இடம் சும்மா கிடக்கும்போது இந்தப் பாதுகாப்புக்குச் செலவே இல்லை.

ஒரு கடைக்கு மூன்று டிஸ்க், சிவப்பு, நீலம், பச்சை உறை. இந்த வாரம் எதை எழுத வேண்டுமோ, அது மூன்றில் பழையது. ஒன்று எங்கள் அலமாரியில், ஒன்று என் வீட்டில், ஒன்று கடைக்காரர் வீட்டு பீரோவில். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைப்போம். தேதி, கோப்பின் பெயர், அன்றைய டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் பற்று வரவுப் பட்டியல்) மொத்தம், கடைசி வவுச்சர் எண். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு உறையை எடுத்து, பழைய லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, அந்த மொத்தம் பைசா வரை சேருகிறதா என்று பார்ப்போம். டிஸ்க் நன்றாகப் படிக்கிறது என்பது வேறு, கணக்கு திரும்ப வந்தது என்பது வேறு. சீட்டில் இருக்கும் தொகை திரையில் வரும்போதுதான் பேக்கப் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

ஆயிரம் தடவை என்ற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு டிஸ்க் என்றால் ஆயிரம் வர ஐம்பத்தேழு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே கீறல், தூசி, கை எண்ணெய் அதை முடித்துவிடும். எங்கள் விதி எளிது. வெரிஃபையில் ஒருமுறை பிழை காட்டினால் அந்த டிஸ்க்கை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவோம், மறுபடி அழித்து முயற்சி செய்வது கிடையாது.

டிரைவுக்கு வருவோம். லேப்டாப்பில் டிரைவ் வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், அதனால் யூஎஸ்பியில் செருகும் மெலிந்த டிரைவ்தான் வழி. நான் வைத்திருப்பது எல்ஜி. சத்தம் குறைவு, பிளஸ், மைனஸ், பின்னால் சொல்லப்போகும் டிவிடி ராம் மூன்றையும் எழுதுகிறது. டிஸ்க்கை வைக்கும்போது நடுக் குமிழில் ‘டக்’ என்று உட்காரும் வரை விரலால் அழுத்த வேண்டும், பாதி உட்கார்ந்த டிஸ்க் உள்ளே போய் உரசும். இதற்கு முன் வைத்திருந்த வேறொரு டிரைவில் எழுத ஆரம்பிக்கும்போதே ‘பவர் கேலிபரேஷன் எரர்’ என்று நின்றுவிடும். ஒவ்வொரு தடவை எழுதும் முன்னும் டிரைவ், டிஸ்க்கின் உள் ஓரத்தில் இதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் லேசரின் பலத்தைச் சோதித்துப் பார்க்கும். யூஎஸ்பியில் வரும் மின்சாரம் குறைந்தால் அந்தச் சோதனையிலேயே சறுக்கும். கேபினெட் முன்பக்கம் இருக்கும் போர்ட்டில் செருகாமல் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நடுவில் ஹப் வேண்டாம். அப்புறம், யூபிஎஸ் இல்லாமல் எழுத உட்காராதீர்கள்.

டிவிடி ராம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. அழித்து எழுதும் டிஸ்க்குகளில் பேக்கப்புக்கென்றே செய்தது போல இருப்பது இதுதான். லட்சம் தடவை எழுதலாம் என்றார்கள். எழுதும்போதே டிரைவ் தானாகச் சரிபார்த்து, கெட்ட இடத்தை ஒதுக்கி, வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். சில டிஸ்க்குகள் ஃபிளாப்பி போலப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வந்தன, எழுதாமல் பூட்ட ஒரு தாழ்ப்பாளும் உண்டு. மெதுவாக எழுதும், ஆனால் கெட்டி. இப்போது கடைகளில் பார்க்கவே முடிவதில்லை, பழைய சரக்கு எங்காவது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

டிவிடியைவிட அதிகம் கொள்ளும் ப்ளூரே டிஸ்க்கில் அழித்து எழுதும் வகை ஆர்இ (BD-RE). ஒரு டிஸ்க்கில் 25 ஜிபி, கணினிக் கணக்கில் 23.28. இரட்டை அடுக்கில் 50, மூன்று அடுக்கில் 100 வரை உண்டு. ஸ்கேன் படங்கள் நிறைய வைத்திருக்கும் ஜவுளிக் கடைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துகிறோம். எழுதும் வேகம் இரண்டு மடங்குதான், நொடிக்கு 9 எம்பி. டிரைவ் எழுதிக்கொண்டே சரிபார்க்கும் முறையில் முழு டிஸ்க்குக்கு ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். இதில் டேட்டா அடுக்கு மேல்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கடினப் பூச்சு இருப்பதால் சின்ன உரசல் தாங்கும், ஆனால் விரல் ரேகையை நான் ப்ளூரேயில் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. நல்ல பொருள், ஆனால் டிரைவும் டிஸ்க்கும் விலை அதிகம். சிறு கடைக்கு அவசியமில்லை.

வருடக் கடைசிக் கணக்கு முற்றிலும் வேறு விஷயம். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் எட்டு நிதியாண்டு. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கம்பெனிகள் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் பேக்கப் வைக்க வேண்டும், அந்த இடத்தை டிவிடி நிரப்பாது. தணிக்கை முடிந்த கணக்கு இனி மாறக் கூடாது. மாறக் கூடாததை மாற்றி எழுத முடிகிற டிஸ்க்கில் வைப்பதில் அர்த்தமே இல்லை. யாராவது அவசரத்தில் சிவப்பு உறை என்று நினைத்து அதன் மேலேயே எழுதிவிட்டால் முடிந்தது. தவிர, உருக்கி உறைய வைத்த அந்தப் புள்ளிகள் சூட்டில் நாளாக ஆக மெல்லப் படிகமாகத் திரும்பக்கூடியவை, நம் ஊர் வெயிலுக்கு அலமாரி ஒன்றும் குளிர்ச்சியான இடமில்லை. வருடக் கடைசிக் கணக்கை ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்கில், இரண்டு வெவ்வேறு கம்பெனி டிஸ்க்காகப் பார்த்து எழுதி, ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைக்கிறோம்.

எந்தப் பிராண்ட் என்றால், இப்போதைக்கு வெர்பாடிம். 2019-ல் இந்தப் பிராண்ட் தைவானின் சிஎம்சி மேக்னடிக்ஸ் கைக்குப் போனது. அதற்குப் பிறகு வாங்கியவையும் எங்களுக்கு நன்றாகவே எழுதுகின்றன. மோசர் பேயர் இருந்த காலத்தில் இந்தத் தேடலே இல்லை, 28 ரூபாய்க்குப் பட விசிடி விற்ற அதே கம்பெனியின் வெற்று டிஸ்க் எல்லா ஊரிலும் கிடைக்கும். 2018-ல் அதைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. பானசோனிக் 2023-லும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதக்கூடிய ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டன. கேக் பாக்ஸ் என்னும் வட்ட டப்பாவில் அடுக்கி, பெயர் தெரியாத டிஸ்க்கை லூஸாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். தனித்தனிப் பெட்டியில் வருவது கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, அந்தப் பெட்டியே பிறகு உறையாகவும் ஆகிறது. வந்தவுடன் ஒவ்வொன்றையும் முழுசாக ஒருமுறை எழுதி வெரிஃபை செய்யுங்கள், தேறாததைக் கடை மாற்றிக் கொடுக்கும் காலத்துக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடலாம். டிரைவ் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் எழுதியதை மற்றதில் படித்துப் பார்க்கவும், ஒன்று போனால் அந்தச் சனிக்கிழமை வேலை நிற்காமல் இருக்கவும் அது வேண்டும்.